உங்க பாட்டு உங்க காதோட இருக்கட்டும், சார்!

சாயங்காலம் ஆறு மணிக்கு, கடற்கரை நிலையத்தில் தாம்பரம் மின்சார ரெயில் ஏறிப் பாருங்கள். எழும்பூர் வருவதற்குள் காது ரெண்டும் கிழிந்துவிடும்!

எதிர் சீட்டில் ஒருவர் வடிவேலு காமெடி பார்க்கிறார். ஜன்னல் ஓரத்தில் கிரிக்கெட். வாசல் கம்பியைப் பிடித்து நிற்கும் பையன் போனில் குத்துப்பாட்டு. நடுவில் ஒருவர் பக்திச் சொற்பொழிவு. ஒரு அம்மா ஊரில் இருக்கும் நாத்தனாரிடம் வீடியோ கால் பேசுகிறார். நாத்தனார் வீட்டு நகைக்கடன் கணக்கு பெட்டி முழுக்கத் தெரிந்துபோகிறது!

அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். முக்கால் மணி நேரம் சிரித்துவிட்டுத்தான் போகட்டுமே. ஆனால் அந்தச் சத்தம் எனக்கு எதற்கு? பக்கத்து சீட்டுக்காரருக்கு எதற்கு?

டீக்கடை ரேடியோ

"அந்தக் காலத்துல டீக்கடை ரேடியோ மட்டும் அலறலையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அலறியது. விவிதபாரதி 1957-ல் தொடங்கியது. இந்தப் பக்கம் அது என்றால், அந்தப் பக்கம் இலங்கை வானொலி. காற்று அடிக்கிற பக்கம் கரகரவென்று வரும். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது... இவர்கள் குரலைக் கேட்பதற்காகவே ஒரு டீயை அரை மணி நேரம் வைத்துக் குடித்தவர்கள் உண்டு.

ஆனால் ஒன்று. அது ஒரே ரேடியோ. கடையில் நின்ற பத்துப் பேருக்கும் ஒரே பாட்டு. பிடிக்காதவர், "அண்ணே, கொஞ்சம் குறைங்க" என்பார். கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே குமிழைத் திருகுவார். விஷயம் முடிந்தது.

பாட்டும் முழுசாக ஓடும். இப்போது? பல்லவி முடியவில்லை, கட்டைவிரல் மேலே தள்ளிவிடுகிறது. அடுத்தது ஒரு சண்டை. அதுவும் பாதியில் போச்சு. அடுத்தது ஒரு சமையல். பத்துப் போனில் பத்து அரைகுறை! வைத்துக் கேட்கிறவருக்கே, கிண்டி தாண்டினால் என்ன கேட்டோம் என்று ஞாபகம் இருக்காது.

நானும் செவிடுதான்!

இந்தத் தொல்லைக்குப் பயந்து நானும் ஒரு இயர்போன் வாங்கினேன். ரெண்டு காதையும் அடைத்துக்கொண்டேன். அப்பாடா என்று இருந்தது. போன மாதம் வரைக்கும்!

அன்று எழும்பூரில் ஒரு வெளியூர்ப் பெரியவர் ஏறினார். கையில் மஞ்சப் பை. என் பக்கத்தில்தான் நின்றார். நான் பழைய பாட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

சைதாப்பேட்டையில் வண்டி நின்றது. யாரோ தோளைத் தொட்டார்கள். இயர்போனை எடுத்தேன்.

"தம்பி, இது மாம்பலமா?"

"சைதாப்பேட்டைங்க! மாம்பலம் போயிடுச்சே!"

"கோடம்பாக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டே வர்றேன் தம்பி. யாருக்குமே காது கேக்கலியே..."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது. அவசரமாக இறங்கிவிட்டார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிர்ப் பிளாட்பாரத்துக்கு எப்படிப் போவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

பெட்டியில் நூறு பேர் இருந்தோம். பாதிப் பேர் சத்தம் வைத்தவர்கள். மீதிப் பேர் அந்தச் சத்தத்துக்குப் பயந்து காதை அடைத்தவர்கள். பெரியவருக்குப் பதில் சொல்ல ஒரு காது மிச்சம் இல்லை!

முன்பெல்லாம் ஒருவர் "மாம்பலம் வந்துடுச்சா?" என்றால் நாலு பேர் பதில் சொல்வார்கள். "அடுத்ததுதான், இப்பவே வாசப் பக்கம் போயிடுங்க" என்று ஐந்தாவது ஆள் வழிவிடுவார். அந்த ரெயில்தானே இது?

சட்டம் என்ன செய்யும்?

ரெயிலில் சக பயணிக்குத் தொந்தரவு கொடுப்பது குற்றம் என்று 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டமே சொல்கிறது. இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டு வைக்கக்கூடாது என்று 2022 ஜனவரியில் ரெயில்வே உத்தரவும் போட்டது. அது ராத்திரி படுத்துத் தூங்குகிறவர்களுக்குச் சரி. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒற்றைக் காலில் நிற்கிறவனுக்கு? ஒரு போனுக்கு ஒரு போலீஸ்காரரையா நிறுத்த முடியும்?

சட்டம் வேண்டாம். நாமே பார்த்துக்கொள்ளலாம்.

காமெடி பாருங்கள். கிரிக்கெட் பாருங்கள். பிளாட்பாரக் கடையிலேயே இயர்போன் கிடைக்கிறது. நாலு டீ காசைச் சேர்த்து வைத்தால் ஒன்று வாங்கிவிடலாம். ஆனால் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொரு காது சும்மா இருக்கட்டும். நாளைக்கும் யாராவது ஒரு பெரியவர் எழும்பூரில் ஏறுவார். "மாம்பலம் வந்துடுச்சா தம்பி?" என்று கேட்பார்.

பதில் சொல்ல ஆள் வேண்டாமா?