பெயர் வைத்தது யார்?

வட ஆப்பிரிக்காவிலே மொராக்கோ, அல்ஜீரியா பக்கம் 'பெர்பெர்' என்ற மக்கள் வாழ்வதாகப் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தப் பெயரை அவர்களுக்கு வைத்தது யார்? (முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடிவெட்டும் பார்பருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அது தாடியைக் குறிக்கும் 'பார்பா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது!)

பழைய கிரேக்கர்களுக்கு அடுத்தவன் பாஷை 'பர் பர்' என்று உளறுவது போலக் கேட்டதாம். அப்படிப் பேசுகிறவன் 'பார்பரோஸ்'. முதலில் 'நம்ம பாஷை தெரியாதவன்' என்பதுதான் அர்த்தம். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தோடு போர் மூண்ட பிறகு அதில் இகழ்ச்சியும் ஏறிக்கொண்டது. ஆங்கிலத்தில் 'பார்பேரியன்' என்றால் சாட்சாத் காட்டுமிராண்டி! சமஸ்கிருதத்திலும் 'பர்பர' உண்டு: திக்கிப் பேசுபவன், அந்நியன். எகிப்தியரும் தங்கள் பாஷை பேசாத எல்லோரையும் பார்பரோஸ் என்றே கருதினார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் கிரேக்கனும் அங்கே பார்பரோஸ்தானே!

7-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவுக்கு வந்த அரேபியர் அங்கிருந்த மக்களை 'பர்பர்' என்றார்கள். கிரேக்க, இலத்தீன் சொல்தான் இப்படி மாறியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அரபியிலும் புரியாமல் முணுமுணுப்பதற்கு இதே சாயலில் சொல் இருக்கிறது.

சரி, அவர்கள் தங்களை என்ன சொல்லிக்கொள்கிறார்கள்? 'அமாஸிக்'. 'சுதந்திர மனிதன்' என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். எங்கே உளறுகிறவன், எங்கே சுதந்திர மனிதன்!

1980 மார்ச்சில் அல்ஜீரியாவின் டிஸி உஸு பல்கலைக்கழகத்தில், எழுத்தாளர் மூலூத் மம்மெரி பழைய கபைல் கவிதைகள் பற்றிப் பேசவிருந்தார். அரசாங்கம் தடை போட்டது. நம்மைப் போன்ற மாணவர்கள்தான் கொதித்தெழுந்தார்கள். சரித்திரம் அதைப் 'பெர்பெர் வசந்தம்' என்கிறது. அவர்கள் மொழி 2011-இல் மொராக்கோவிலும், 2016-இல் அல்ஜீரியாவிலும் ஆட்சிமொழி ஆயிற்று. தடை போட்ட நாட்டிலே அதற்கு 36 வருஷம் ஆனது!

"பேர்ல என்னப்பா இருக்கு? பழகிப் போச்சு, விடு" என்பார்கள் சிலர். பழகியது கூப்பிடுகிறவனுக்கு! கூப்பிடப்படுகிறவனுக்கு அது ஒவ்வொரு தடவையும் வலிக்கலாம். 'உன் பேச்சு எனக்குப் புரியவில்லை' என்பது என்னுடைய குறை. அதையே அவன் பெயராக ஒட்டிவிடுவது எந்த ஊர் நியாயம்?

வகுப்பிலே ஆங்கிலம் தடுமாறுகிற தமிழ் மீடியம் தோழனைப் பார்த்துச் சிரிக்கிறோமே, ஹாஸ்டலில் வேறு மாவட்டத்துப் பேச்சைக் கிண்டலடித்துப் பட்டப்பெயர் வைக்கிறோமே, அதுவும் அந்தப் 'பர் பர்' புத்திதான் என்பது என் கருத்து. ஒருவனை அவன் சொல்லும் பெயரால் கூப்பிடுவதற்கு நமக்குக் காலணா செலவில்லை. டிப்ளமோ வாங்குவதற்குள் இதையும் கற்றுக்கொள்வோமா?