வெட்டத் தெரிந்தால்தான் அளக்க முடியும்

மீக்கடத்தி என்றதும் காந்தத்தின் மேல் மிதக்கும் ரயில்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பொருளை அறுத்துத் தேய்த்து உருக்கொடுப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. 1986-இல் பெட்னார்ஸும் முல்லரும் கண்டறிந்த உயர்வெப்பநிலை மீக்கடத்தி ஒரு பீங்கான். அடுத்த ஆண்டே வந்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, சுமார் 93 கெல்வினுக்குக் கீழே மின்தடையை அறவே இழக்கிறது. அதைக் குளிர்விக்க, 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதும் என்றதும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் பரபரத்தன. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் கிண்டி ஐ.ஐ.டி.யும் இறங்கின. நம் தாம்பரத்துக்குத் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. இடையில் குரோம்பேட்டை எம்.ஐ.டி., வண்டலூர்ப் பக்கம் பொறியியல் கல்லூரிகள், திருமுடிவாக்கத்தில் பட்டறைகள். இத்தனை இருந்தும் நம் மாணவருக்கு எந்திர வேலை என்றால் இரும்பும் அலுமினியமும்தான். பீங்கானை வெட்டுவதை முறையான பாடமாக்காமல் மீக்கடத்தி ஆய்வில் முன்னேற முடியாது என்பது என் வாதம்.

இரும்பைக் கடைந்தால் சுருள் சுருளாகச் சீவல் வரும். பீங்கானோ பொடியாக உதிரும், விளிம்பு பெயரும். வைரத்தூள் பதித்த மெல்லிய சக்கரத்தால் மெதுவாக அறுக்க வேண்டும். பட்டறையில் வழக்கமாக ஊற்றும் தண்ணீர் கலந்த கூலன்ட் இங்கே ஆகாது. ஈரம் பட்டால் பேரியம் பிரிந்து, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்துவிடும். வெட்டிய பிறகுதான் அளவீடு. சிறு பட்டையின் மேல் வெள்ளிப் பசையால் நான்கு புள்ளிகள். வெளிப்புள்ளிகள் வழியே மின்னோட்டம், உட்புள்ளிகளுக்கு இடையே மின்னழுத்தம். தடைத்திறனைக் கணக்கிடப் பட்டையின் குறுக்குப் பரப்பும் தேவை. ஒரு முனை ஒன்றரை மில்லிமீட்டர், மறுமுனை ஒரு மில்லிமீட்டர் என்று கோணலாக அறுத்திருந்தால், அல்லது உள்ளே மயிரிழை விரிசல் ஓடினால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பொய்க்கணக்குதான் தரும்.

இப்போது மீக்கடத்தியை உலோக நாடாவின் மேல் படலமாகவே பூசிவிடுகிறார்களே, வெட்டும் வேலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அகலமாகப் பூசிய நாடாவை வேண்டிய அகலத்துக்குக் கீறியெடுக்கும்போது விளிம்பு விரிசல் அங்கும் தலைகாட்டுகிறது. காந்தத்தை மிதக்கவிடும் தாங்கிகளுக்கோ கட்டிப் பொருளே வேண்டும். இந்த வெட்டும் வேலையை நம்பி எத்தனை பேர் பிழைக்க முடியும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். மீக்கடத்தியை மட்டும் நம்பினால் சிலரே. ஆனால் செயற்கை இடுப்பு மூட்டின் பீங்கான் பந்து, ஜிர்கோனியா பல் உறை, சிலிக்கன் நைட்ரைடு பேரிங் குண்டு எல்லாம் கேட்பது ஏறக்குறைய இதே கைத்திறனைத்தான். பக்கத்துத் தொழிற்பேட்டை ஒன்றில் வைரச் சக்கர அறுப்பான், மெருகேற்றும் எந்திரம், நுண்ணோக்கி மூன்றையும் வைத்து, கல்லூரிகளும் பட்டறைகளும் பகிர்ந்துகொள்ளும் ஒரு கூடம் அமைத்தால் தொடங்கிவிடலாம். சக்கரத்தின் ஓசையைக் கேட்டே அழுத்தம் கூடிவிட்டதென்று சொல்லும் கிரைண்டிங் தொழிலாளிக்கு அங்கே ஆசிரியர் பணியும் அதற்குரிய சம்பளமும் தர வேண்டும்.