சார்ஜ் என்னும் ஒரு சொல்

நாமக்கல்லில் லாரித் தொழில் செய்வாரோடு அரைநாள் உடனிருப்பின், சார்ஜ் என்னும் ஆங்கிலச் சொல் எத்தனை வேடம் புனைகின்றது என்பது புலனாகும். பட்டறையில் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பர். காவல் நிலையத்தார் வரைவது சார்ஜ் ஷீட்டு. மேலாளர் விடுப்பிற் சென்றால் அவரிடத்தில் அமர்பவர் இன்சார்ஜ். மின்சாரத்திற்குக் கட்டும் பணமும் சார்ஜே. ஆயினும் அவரே மளிகைக் கடையிற் கடனுக்குப் பொருள் வாங்குங்கால், "பற்றில் எழுதிக்கொள்ளுங்கள்" என நல்ல தமிழில் மொழிவர். ஆங்கிலேயரோ அதனையும் சார்ஜ் என்றே வழங்குவர்.

இச்சொல்லின் மூலம், வண்டியைக் குறிக்கும் 'கர்ருஸ்' என்னும் இலத்தீன் மொழியாகும். வண்டியிற் பாரம் ஏற்றுதலே முதற்பொருள். பின்னர் மனிதர்மேற் பொறுப்பும் பழியும், கணக்கின்மேற் கடனும், துப்பாக்கியினுள் மருந்தும் ஏறின. லாரிக்குப் பேர்போன ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் மொழியிலும் பாரத்தை ஏற்றுகின்றோம், கணக்கிலும் ஏற்றுகின்றோம். (பொறுப்பேற்றல் என்பதிலுள்ள ஏற்றல், ஏல் என்னும் வேறு வினையிற் பிறந்தது, ஒலியொற்றுமை கண்டு மயங்கற்க.)

மின்னியலிலும் கடைக்கணக்கின் சாயல் உண்டு. ஒரு பொருளில் மின்சாரம் மிகுந்திருத்தலைக் கூட்டற்குறியாலும் குறைந்திருத்தலைக் கழித்தற்குறியாலும் 1747-இல் பெஞ்சமின் பிராங்க்லின் குறித்தார். அவர் அச்சுக்கூடமும் கடையும் நடத்தியவர். ஒன்று பெற்றது மற்றொன்று இழந்ததே என்னும் பேரேட்டு முறை அவர் கொள்கையிலும் விளங்குகின்றது. ஆனால், எது மிகுதி, எது குறை என அவர் கொண்டது ஊகமே. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டபின், கம்பியில் ஓடுந் துகள் கழித்தற் பக்கத்தது என்றாயிற்று. வரவைப் பற்றுப் பத்தியில் எழுதிய அக்கணக்கை இன்றளவும் திருத்தாமலே கற்று வருகின்றோம்!

நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. பொருளின் இப்பண்பினைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்னூட்டம் என்கின்றன. ஈழத்து நூல்கள் மின்னேற்றம் என்கின்றன. பாட்டரிக்குச் செய்வதையும் மின்னூட்டம் என்றே நம்மவர் எழுதுதலால், பாட்டரியினுள் மின்னூட்டம் நிரம்புகின்றது என மாணவர் எண்ணிவிடுகின்றனர். இப்பிழையை ஆய்வுக்கூடத்தில் நாம் பலகாற் கண்டதுண்டு. உண்மை அஃதன்று. ஒரு முனையிற் புகும் அளவே மறுமுனையில் வெளியேறுகின்றது. மொத்தத்தில் மிகுவது எதுவுமில்லை. லாரியின் பாட்டரியில் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் அடையும் இரசாயன மாற்றத்தால் ஆற்றலே சேமிக்கப்படுகின்றது.

ஆகவே, பொருளின் பண்பிற்கு மின்னேற்றம் என்பதைக் கொண்டு, பாட்டரிக்கு மட்டும் ஊட்டுதல் என்பதை வைத்துக்கொள்ளலாம் என்பது எம் கருத்து. உண்ட சோறு சோறாகவே உடலில் தங்குவதில்லையன்றோ? பட்டறையார் பாட்டரிக்கே 'ஏற்று' என்கின்றனரே எனின், அது மெய்யே. அவர்களைத் திருத்த நாம் புகவில்லை. அவர்கள் வேலை அச்சொல்லாற் பழுதுபடுவதில்லை; மாணவரின் விடைத்தாள் பழுதுபடுகின்றது.

அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்குதற்கென 1916-இல் சி. இராஜகோபாலாச்சாரியார் முதலியோர் சங்கம் நிறுவியது நம் சேலத்திலேயாம். அவ்வூரை அடுத்துப் பயிலும் நம் இயற்பியல் மாணவர், வரும் ஆண்டின் ஆய்வுக் குறிப்பேடுகளில் இவ்விரு சொற்களையும் தனித்தனியே எழுதிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். ஆசிரியர்கள் அதற்காக மதிப்பெண் குறையாதிருப்பாராக.