கணுவும் கூறும் தமிழுக்கு அயலோ?

தாம்பரம் முதல் தரமணி வரை பரந்து கிடக்கும் தென்சென்னைப் புறநகர்களில் பொறியியற் கல்விக்குக் குறைவில்லை. குரோம்பேட்டையில் 1949-இல் சி. இராசம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கல்விநிலையமும், தரமணியின் கட்டகப் பொறியியல் ஆய்வு நடுவமும் இந்நிலத்திற்குப் பெருமை சேர்ப்பன. ஆயின், இங்குப் பயிலும் தமிழ் மாணவன் ஒரு பாலத்தின் வலிமையைக் கணிப்பொறியில் ஆய்ந்தறிய அமர்ந்தால், அவன் எதிரே விரியும் திரையில் ஒரு தமிழெழுத்தும் இல்லை!

அவ்வாய்வுதான் யாது? ஒரு பொருளைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து, அவை ஒன்றோடொன்று பொருந்துமிடங்களைக் கணுக்களாகக் கொண்டு, சுமை ஏறுங்கால் ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நகரும் எனக் கணக்கிடுவது. 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் கிளஃபு இதற்குப் பெயர் சூட்டினார். தமிழில் வரம்புறு கூறு முறை எனலாம். காற்றும் நீரும் ஓடுமாற்றைக் கணிக்கும் பாய்ம இயங்கியலும் இவ்வாறே வெளியை வலைக்கண்களாகப் பகுக்கின்றது. கரும்பையும் மூங்கிலையும் கண்டவனுக்குக் கணு என்னும் சொல்லை எவர் விளக்கல் வேண்டும்? தகைவு, திரிபு, பாய்மம் முதலியன பள்ளிப் பாடநூல்களிலேயே வழங்குவன. சொல் இல்லை என்பார் நூலைத் திறவாதவரே.

இது வெறும் சொற்பற்றன்று. 1991 ஆகத்து 23-ஆம் நாள் நார்வேயில் சிலைப்னர் கடல்மேடையின் கற்காரை அடித்தளம் மூழ்கியது. கணிப்புக்கு இட்ட வலை செம்மையுறாமையால், ஒரு சுவரில் எழும் சறுக்குப்பெயர்ச்சித் தகைவு ஏறத்தாழ 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. பொறி பொய்யுரைக்கவில்லை, இட்ட வலைக்கேற்ற விடையையே தந்தது. துறைபோகியோரே அங்ஙனம் வழுவினரெனில், பொருளுணராது அயற்சொற்களை நெட்டுருச் செய்து, திரையின் சிவப்பையும் நீலத்தையும் மெய்யென நம்பும் மாணவன் கட்டும் பாலத்தில் நாளை எவர் நடப்பது?

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் அதனை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழவே பின்வாங்கியது. வகுப்பைத் தமிழில் திறந்துவிட்டுக் கருவியை ஆங்கிலத்தில் பூட்டி வைத்தால் எவன் விரும்பிச் சேர்வான்?

விலைமென்பொருள்கள் உரிமையாளர் கையில் உள்ளன. அவற்றை இங்குள்ளோர் திருத்தவியலாது. ஆயின் திருவனந்தபுரத்து விண்வெளி நடுவம் 'பீசுட்டு' என்னும் கூற்றாய்வு மென்பொருளைத் தானே ஆக்கியுள்ளது. 2004 முதல் 'ஓப்பன்போம்' என்னும் பாய்ம மென்பொருளோ எவரும் எடுத்து மாற்றத்தக்க திறந்த மூலமாகவே கிடைக்கின்றது. ஒப்புதல் கேட்டு எவர் வாயிலிலும் நிற்க வேண்டுவதில்லை. குரோம்பேட்டை, தாம்பரம் வட்டாரக் கல்லூரிகளின் எந்திரவியல் துறையினர் அதன் பயிற்சிநூலையும் பிழையறிவிப்புகளையும் முதற்கண் தமிழாக்குக. வலை பழுதுற்றது என்னும் எச்சரிக்கையாயினும் அவனுக்கு அவன் மொழியில் தெரியட்டும்.