காற்றழுத்தமும் கடலலையும்

அட்ரியாட்டிக் கடலின் குரோஷியக் கரையைச் சார்ந்த வேலா லூக்கா என்னும் துறைமுகவூரில், 1978ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் காலையிற் கடல் பொங்கி வீதிகளிற் புகுந்தது. பின்னர் வடிந்து, மீண்டும் பொங்கிற்று. ஏற்றத்திற்கும் வடிவிற்கும் இடைப்பட்ட உயரம் ஏறத்தாழ 6 மீட்டர். பூகம்பமே காரணமென ஐயுற்றாரும் உளர். கடலின்மேல் விரைந்தோடிய காற்றழுத்த மாறுபாடே காரணமென்பது இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர் துணிபு.

கேட்போர் நகைக்கக்கூடும். அழுத்தம் 1 மில்லிபார் குறையின் கடல்மட்டம் 1 சென்டிமீட்டரே உயரும். அன்றைய மாறுபாடோ சில மில்லிபார்களே. சென்டிமீட்டர் மீட்டரானது எங்ஙனம்?

விடையை இங்கிலாந்தின் கணித அறிஞர் பிரௌட்மன் 1929இலேயே கண்டிருந்தார். நீண்ட அலையின் வேகம், கடலாழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தாற் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாற் கிடைப்பது. ஆழம் 50 மீட்டராயின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர். அழுத்தமும் அதே வேகத்தில் ஓடுமாயின், தான் எழுப்பிய அலையை விட்டுப் பிரியாது உடன் சென்று, ஊஞ்சலைக் காலமறிந்து உந்துவார்போல, மேலும் மேலும் அதனை உந்தும். குறுகிய குடாவினுட் புகுந்தபின் அவ்வலை இன்னும் ஓங்கும்.

இத்தகைய கணக்குகளை ஏட்டுச் சுரைக்காய் என்று இகழ்வாருடன் நாம் உடன்படோம். வேகங்கள் ஒத்தவிடத்து அச்சமன்பாட்டின் விடை அனந்தம் என வருவதைக் காட்டி அவர் எள்ளுவர். (நம் மாணவருஞ் சிலர் அனந்தம் என எழுதிவிட்டு எழுதுகோலை மூடிவிடுகின்றனர்!) உண்மையில் அலை, அழுத்தம் உடனோடிய தூரத்தளவே வளரும், ஆழம் மாறியவிடத்து இருவேகமும் பிரிந்துவிடும். அனந்தம் என்னும் விடை, அஞ்சவேண்டிய வேகம் எது என்பதைச் சுட்டுகின்றது. அதனினும் பயனுள்ள விடையை நாம் அறியோம்.

ஸ்பெயின் நாட்டு மெனோர்க்காத் தீவின் சியுதடெல்லாத் துறைமுகத்தார் இவ்வலையை ‘ரிசாகா’ என்று நெடுங்காலமாக வழங்குவர். அங்கே வானிலைத் துறையினர் முன்னெச்சரிக்கையும் விடுக்கின்றனர். ஆயினும் 2006 ஜூன் 15இல் அத்துறையில் நின்ற படகுகள் பல சிதைந்தன.

பூகம்பத்தை மட்டும் செவிசாய்த்துக் கேட்கும் எச்சரிக்கைக் கருவிகள் இவ்வலையின் வரவை உணரா. மணிக்கொருமுறை குறிக்கும் அழுத்தமானியும் போதாது. சில நிமிடங்களிற் கடந்துவிடும் மாறுபாடு அதன் கணக்கில் விழாது. ஆதலின், ஆழங்குறைந்த கடலையும் நீண்டொடுங்கிய துறையையும் உடைய கரைகளில், கடல்மட்டக் கருவிகளின் அருகே நிமிடந்தோறும் குறிக்கும் அழுத்தமானிகளையும் நிறுவுதல் வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்காகும் செலவு, சிதைந்த படகுகளின் விலையை நோக்கச் சிறிதேயாம்.