கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பெயர்

சென்ற திங்கள் தாராவியிலிருந்து ஒரு தாய் நம் சங்கத்தை நாடி வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பை நாடி வந்து, தோல் பட்டறையில் இருபது ஆண்டுகள் உழைத்த அவருடைய கணவர் திடீரென மறைந்துவிட்டார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது. ஆயினும் அதை எடுக்க அவரால் இயலவில்லை. கணக்குக் கணவர் பெயரில் மட்டுமே இருந்தது. நியமனதாரர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஊர் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற வேண்டும். முதிய மாமியாரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமோ காத்திருக்கவில்லை.

இதில் வங்கியைக் குறை கூறிப் பயன் இல்லை. ஒரு படிவத்தை நிரப்ப நாம் மறந்ததன் விளைவு இது. ஆதலின் இம்மாதம் இதனையே அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

நியமனம் செய்யக் கட்டணம் ஏதும் இல்லை. நியமனதாரர் பெயர் பதிவாகியிருப்பின், இறப்புச் சான்றிதழையும் தம் அடையாளச் சான்றையும் காட்டி அவர் பணத்தைப் பெறலாம். நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கவும் வழி ஏற்பட்டுள்ளது. ஆனால் ஒன்றை நினைவிற்கொள்க: நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே, அப்பணம் சட்டப்படி வாரிசுகள் அனைவருக்கும் உரியது. கணவன் மனைவி இருவர் பெயரிலும், ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்னும் முறையில் கணக்கு வைப்பது அதனினும் நன்று. கைநாட்டு வைப்போர் தெரிந்தவர் இருவரைச் சாட்சிக்கு அழைத்துச் செல்க.

“ஆதாரில் ஊர் விலாசம்தானே இருக்கிறது, இங்கே யார் கணக்குக் கொடுப்பார்கள்?” என்று தயங்கிச் சம்பளத்தை முதலாளியிடமே விட்டுவைக்கும் இளைஞர் பலர் உளர். அத்தயக்கம் வேண்டா. ஆதாரைக் கொடுத்து, இப்போது வசிக்கும் முகவரி இது என்று தாமே எழுதிக் கொடுத்தால் போதும். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கும் உண்டு, கேட்டுப் பெறுக. மும்பைக் கிளைகளில் படிவங்கள் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். படிக்கத் தெரியாவிடில், தெரிந்த ஒருவரைப் படித்துச் சொல்லச் செய்து பின்னரே கையொப்பமிடுக.

ஊரில் தொடங்கிய பழைய கணக்கை மறந்தவர்களும் நம்மிடையே உண்டு. இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லையேல் கணக்குச் செயலற்றதாகும்; பத்து ஆண்டுகள் கடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் செல்லும். அப்போதும் உரிமை போகாது. வங்கியிடம் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். இத்தகைய வைப்புகளைத் தேட 2023-இல் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்னும் இணையவாயிலைத் திறந்துள்ளது.

இன்று இரவு உணவு முடிந்ததும் கணக்குப் புத்தகங்களை எடுத்து நடுவில் வையுங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை, யார் பெயர் நியமனத்தில் உள்ளது என்பதை இல்லத்தரசியும் அறியட்டும். ஐயமுள்ளோர் சங்கத்திற்கு வருக. படிவம் நிரப்ப நாம் துணை நிற்போம். அந்தத் தாய்க்கும் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துள்ளோம். அவர் பட்ட துயரம் நம்மில் இன்னொரு குடும்பத்திற்கு வாராதிருக்கட்டும்.