கடல் கடந்த தொழிலும் சம்பளப் பட்டியலும்

நமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று உலகின் பல நாடுகளிலும் பரந்து வாழ்கின்றனர். அவருள்ளே சிலர் பிறரிடம் ஊழியஞ் செய்யும் நிலையைக் கடந்து, பிறர்க்கு ஊழியம் அளிக்கும் நிலைக்கு உயர்ந்துள்ளனர் என்பது இவ்விழா மலரிற் பெருமையுடன் பொறிக்கத்தக்க செய்தியாகும். இலண்டனிலும் டொரொண்டோவிலும் சிட்னியிலும் தொடங்கிய தொழிலை மேலும் விரிக்க எண்ணுங்கால், அவர்தம் உள்ளம் பிறந்த மண்ணை நாடுகின்றது. யாழ்ப்பாண நகரிலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சில கணினிகளை வைத்து, நம் பிள்ளைகள் ஐவர்க்கோ அறுவர்க்கோ கணக்குப் பதிவும் நிரலாக்கமும் வரைபட வேலையுங் கொடுக்கின்றனர்.

இது வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஊரை விட்டுப் போகாமலே ஊரிலிருந்து உழைக்கும் வழி திறக்கப்படுதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஆறுதல் தருவதே. ஆயினும், இவ்வாறு தொழிலை விரிப்போருட் சிலர் வாடகைக்கும் மின்சாரத்துக்கும் இணையத் தொடர்புக்கும் நுணுக்கமாகக் கணக்குப் பார்த்துவிட்டு, சம்பளப் பட்டியலை மட்டும் பின்னர்ப் பார்க்கலாமென ஒதுக்கிவிடுகின்றனர். மாத முடிவில் ஒரு தொகையை வங்கிக்கு அனுப்பிவிட்டாற் கடன் தீர்ந்ததென்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது. வேலை செய்பவர் எந்நாட்டிலிருந்து வேலை செய்கின்றாரோ அந்நாட்டுச் சட்டப்படி, முதல் நாள் தொட்டு, முழுச் சம்பளத்தையுங் கொடுத்தலே முதலாளியின் கடன் என்பது எமது துணிபு.

முழுச் சம்பளம் என்பது யாது? சம்பளம் என்னுஞ் சொல், சம்பா நெல்லும் அளத்து உப்புங் கூலியாகக் கொடுக்கப்பட்ட காலத்தைச் சுட்டும் என்பர் சொல்லாராய்ச்சியாளர் சிலர். இன்று சம்பளத்தின் மற்றொரு பெயராக வழங்கும் ஊதியம் என்னுஞ் சொல்லைத் திருவள்ளுவர் இலாபம், பயன் என்னும் பொருளிலேயே ஆண்டார். முதலாளிக்கு இலாபம் எதுவோ, தொழிலாளிக்குச் சம்பளம் அது. இலாபத்திலே ஒரு பகுதியை நாளைக்கென வைக்காத வாணிகன் நிலைக்க மாட்டான். அங்ஙனமே, இன்று கையிற் பெறுவதும் நாளைக்கென வைக்கப்படுவதுஞ் சேர்ந்ததே முழுச் சம்பளமாகும்.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு நம்மவர் மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் உழைத்தனர். இளைப்பாறி ஊர் திரும்பியபின்னும் அவர்க்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. 'மலாயன் பென்சனியர்' எனும் பெயர் நம் கிராமங்களில் ஒரு காலத்தில் எத்துணை மதிப்புடன் வழங்கியது என்பதை மூத்தோர் அறிவர். பிள்ளைகளின் படிப்பும் கல்வீடும் கோயில் திருப்பணியும் அப்பணத்தில் நடந்தன. பிறநாட்டிற் செய்த உழைப்புக்குரிய பிற்காலச் சம்பளத்தால் வளர்ந்த ஊர், தன் பிள்ளைகளுக்கு அதனை மறுக்கும் ஊராக மாறுதல் தகுமா?

ஓய்வூதியம் இல்லாத தனியார் துறைத் தொழிலாளர்க்காகவே சேமலாப நிதி பிறந்தது. மலாயாவில் அது 1951இலும், சிங்கப்பூரில் 1955இலும், நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஏற்பட்டது. நம் நாட்டுச் சட்டப்படி, ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ஊழியர் சேமலாப நிதிக்குக் கொடுத்தல் வேண்டும். முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 12 கொடுத்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் நூற்றுக்கு 3 கொடுத்தல் வேண்டும்; இதனை ஊழியரின் சம்பளத்திற் கழித்தல் ஆகாது. ஒருவரையே வேலைக்கு அமர்த்தினாலும், அவர் தற்காலிக ஊழியராயினும் பயிற்சி நிலையில் உள்ளவராயினும், இக்கடமை உண்டு. பதினைந்து பேருக்குக் குறையாதவரை அமர்த்திய நிலையமாயின், ஐந்தாண்டு பணி நிறைந்தவர் விலகும்போது ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்குமாறு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது.

இதனை ஒரு கணக்காக விரித்துக் காண்போம். மாதச் சம்பளம் 100,000 ரூபா எனக் கொள்க. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரையுள்ள சம்பளத்துக்கு வருமான வரி இல்லையாதலின், வரியை ஈண்டு விட்டுவிடலாம். ஊழியர் கையிற் பெறுவது 92,000 ரூபா. முதலாளிக்கு ஆகுஞ் செலவு 115,000 ரூபா. ஐந்தாண்டு முடிவில், வட்டியை நீக்கியே, சேமலாப நிதியில் 1,200,000 ரூபாவும் நம்பிக்கை நிதியில் 180,000 ரூபாவும் சேர்ந்திருக்கும். பணிக்கொடைக்கு உரியவராயின் மேலும் 250,000 ரூபா கிடைக்கும். அவ்வூழியரை நிலையத்தின் ஊழியர் அல்லரென்று காட்டி 100,000 ரூபாவையும் கையிலே கொடுத்தால், மாதம் 8,000 ரூபா கூடுதலாகப் பெற்றதாக அவர் மகிழ்வார். ஆயின் முதலாளி அவர்க்குத் தரவேண்டியிருந்த பங்கில் ஐந்தாண்டில் அவர் இழந்தது 1,150,000 ரூபா. சேமலாப நிதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக்கடன் பெறும் வசதியும் அதனோடு போயிற்று.

ஊழியரை ஊழியர் அல்லரென்று காட்டும் வழி யாதெனில், அவரைச் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' எனப் பெயரிட்டுக் கடிதங் கொடுத்தலாகும். உண்மையான ஒப்பந்தக்காரரும் உலகில் உளர். பலர்க்கு வேலை செய்பவர், தம் கருவியைத் தாமே கொணர்பவர், தம் நேரத்தைத் தாமே வகுப்பவர், விலையைத் தாமே பேசுபவர் அத்தகையோர். அவர்க்குச் சேமலாப நிதி கேட்பார் இலர். ஆனால், காலை ஒன்பது மணிக்கு வருகை பதிந்து, நிலையத்துக் கணினியில் வேலை செய்து, விடுமுறைக்கு அனுமதி கேட்டு, ஒரே முதலாளியின் கட்டளைக்கு ஆண்டுக்கணக்காய் அமைந்து நடப்பவரை ஒப்பந்தக்காரர் என்றல், பசுவுக்கு ஆடு என்று பெயரிடுவது போலாம். நீதிமன்றங்களும் பெயரை நோக்காது பொருளையே நோக்குகின்றன. ஊபர் நிறுவனத்தின் வாகன சாரதிகள் அந்நிறுவனத்தின் கீழ் வேலை செய்வோரே, சுயதொழிலர் அல்லர் என ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்ததை இலண்டனில் வாழும் நம்மவர் நன்கறிவர். அங்கே தம் ஊழியர்க்கு ஓய்வூதியப் பங்கினைத் தவறாது செலுத்துவோர், இங்கே அதனை மறத்தல் எவ்வாறு முறையாகும்?

இதற்கு மாறாகக் கூறப்படுவனவற்றையும் நோக்குவோம். "மூவரை வைத்துத் தொடங்குகின்றோம், நிலைக்குமோ நிலைக்காதோ அறியோம், இச்சட்டங்களெல்லாம் பெரிய கம்பனிகளுக்கே பொருந்தும்" என்பர் சிலர். ஊழியரை நீக்குதற்குத் தடை விதிக்கும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் கடுமையானது என்பது உண்மை. எனினும் அது பதினைந்து பேருக்குக் குறைந்த நிலையங்களைக் கட்டுப்படுத்தாது. தொடங்குவோர்க்குச் சுமை சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியுமே. அது நூற்றுக்கு 15. அதனைத் தாங்க மாட்டாத முதலாளி, 100,000 ரூபா என்று பேசும் சம்பளத்தை 87,000 ரூபா என்று நேர்மையாகப் பேசித் தொடங்கலாம்; மொத்தச் செலவு ஏறக்குறைய அதுவேயாகும். "பிள்ளைகளே கைக்காசைத்தான் விரும்புகின்றனர்" என்பதும் ஒரு விடையாகக் கூறப்படும். இருபத்திரண்டு வயதினர் ஐம்பத்தைந்தை நினையார் என்பதை அறிந்தே சட்டம் இதனை அவர் விருப்பத்துக்கு விடவில்லை.

இனி, முறைப்படி செய்ய விரும்புவோர்க்கு வழிகள் மூன்று உள. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி இங்கே ஒரு கம்பனியைப் பதிதல் ஒன்று. வெளிநாட்டுக் கம்பனியாகவே பதிந்து கிளை நிறுவுதல் மற்றொன்று. இங்குள்ள வேறொரு நிறுவனம் தன் பெயரில் ஊழியரை அமர்த்திச் சம்பளப் பட்டியலை நடத்த, அதற்குக் கட்டணஞ் செலுத்துதல் மூன்றாவது. எதனைத் தெரியினும், வரி பற்றி இரு நாட்டுக் கணக்காளரையும் முன்னரே கலந்துகொள்ளுதல் நன்று. மூன்றாம் வழி எளிதெனப் பலரும் அதனையே நாடுகின்றனர். அது தீதன்று. ஆயினும் இடையாளை நம்பித் தொழில் நடத்துவோர் நம் நாட்டுத் தோட்ட வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிரித்தானியத் துரைமாரும் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்து இந்நாட்டிலே தொழிலை விரித்தவரே. தொழிலாளரின் மொழியும் ஊரும் அவர்க்குத் தெரியா. ஆதலின் ஆள் சேர்த்தலையும் முன்பணங் கொடுத்தலையும் கங்காணியிடம் விட்டனர். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் சேர்க்கும் போது ஆன செலவோ தொழிலாளியின் கடனாக ஏறியது. அக்கடனைத் தீர்ப்பவரிடம் ஆளை விடுவதாக எழுதிய துண்டு கைமாறியபோது, தொழிலாளியுங் கைமாறினான். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை இக்கொடுமை நிலவியது. இக்காலத்து இடைநிறுவனங்களைக் கங்காணியோடு ஒப்பிடுதல் எமது கருத்தன்று. சம்பளம் எவ்வளவு சென்றடைந்தது, எவ்வளவு கழிக்கப்பட்டது, நிதிக்கு எவ்வளவு செலுத்தப்பட்டது என்பதை முதலாளி தம் கண்ணாற் பார்த்தல் வேண்டும் என்பதே கருத்து. கட்டணஞ் செலுத்தியதனாற் பொறுப்புக் கழிந்துவிடாது.

இன்னும் இரண்டு செய்திகளை நியமனக் கடிதத்திலே தெளிவாக எழுதுதல் நலம். ஒன்று நாணயம். 2022இல் ஒரு சில மாதங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. முதலாளி பவுணிலும் டொலரிலும் சம்பாதிக்க, ஊழியர் பழைய ரூபாக் கணக்கிலே பெற்றால், அவ்வேற்றத்தின் பயன் முழுவதும் ஒரு பக்கத்துக்கே சேரும். சம்பளம் ரூபாவில் என்றால், எப்போது திருத்தப்படும் என்பதையும் எழுதுக. மற்றொன்று நேரம். கோடையில் டொரொண்டோவிற் காலை பத்து மணியாகும்போது இங்கே இரவு ஏழரை மணி. கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என வரையறுத்து, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலியும் விதிக்கின்றது. பகலெல்லாம் வேலை செய்தவரை இரவிலுங் கூட்டத்துக்கு அழைப்பின், அதுவும் வேலை நேரமே.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை கிடைத்தது என்னும் மகிழ்ச்சியிலே கடிதத்தை வாசியாது கையொப்பமிடாதீர்கள். 'ஊழியர்' என்ற சொல் அதில் உண்டா, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் தரப்படுமா, மாதந்தோறும் சம்பளச் சீட்டுக் கிடைக்குமா என்று பணிவுடன் கேளுங்கள். கேட்டல் அவமரியாதையன்று. நேர்மையான முதலாளி அக்கேள்வியை மதிப்பார்; மதியாதவரிடம் சேருமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுதல் நன்று.

பழைய மாணவர் கல்லூரிக்கு மண்டபமும் நூல்நிலையமும் விளையாட்டரங்குங் கட்டித் தருகின்றனர். அவற்றை நன்றியுடன் ஏற்கின்றோம். அக்கொடைகளோடு, இக்கல்லூரியிற் படித்த ஒரு பிள்ளையை முறைப்படி அமர்த்தி, அவனுடைய சேமலாப நிதியை அடுத்த மாதம் முடியுமுன் தவறாது செலுத்துதலும் சேர்தல் வேண்டும். கொடை கொடுப்பவரின் விருப்பம். சம்பளமோ உழைத்தவரின் உரிமை. உரிமையை முதலில் தீர்த்து, அதன்பின் கொடையிற் சிறப்போமாக.